தொலைந்த ஒரே சாவியும் பழைய வாகனமும்: இலங்கை, இந்திய நடைமுறைகள் குறித்து ஓர் ஒப்பீடு

ஒரு வாகனத்துக்கு எஞ்சியிருந்த ஒரே சாவியும் தொலைந்துபோகும்போது, படியெடுப்பதற்கு மாதிரியே இல்லாமற் போய்விடுவதால், புதிய சாவியை மூன்று வழிகளில் ஒன்றால்தான் பெற முடியும். பூட்டுக்கு உரிய எண்ணைக் கண்டறிந்து அதன்படி சாவியை வெட்டுவது முதல் வழி. பூட்டைக் கழற்றியோ கழற்றாமலோ அதன் உள்ளமைப்பை அறிந்து, பொருந்தும் சாவியைக் கையால் அராவி உருவாக்குவது இரண்டாம் வழி. பழைய பூட்டையே நீக்கிவிட்டுப் புதிய பூட்டையும் அதனுடன் வரும் சாவியையும் பொருத்துவது மூன்றாம் வழி. இலங்கையிலும் இந்தியாவிலும் இம்மூன்றும் வழக்கில் உள்ளன எனினும், எது முதலில் நாடப்படுகிறது என்பதில் இரு நாடுகளும் தெளிவாக வேறுபடுகின்றன. வாகனம் எங்கே உற்பத்தியானது, எவ்வழியாக இன்றைய உரிமையாளரின் கைக்கு வந்தது என்பதே அவ்வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது.

பழைய வாகனம் என்று இங்கே குறிக்கப்படுவது, சாவியின் தலைப்பகுதியில் மின்னணுச் சில்லு புகுத்தப்படுவதற்கு முற்பட்ட வாகனமாகும். இத்தகைய வாகனங்களிற் பெரும்பாலானவற்றில் இருப்பது தகட்டுப் பூட்டு. அதாவது, சாவி நுழையும் உள்ளுருளையின் குறுக்கே மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக அமைந்து, ஒவ்வொன்றும் ஒரு சிறு ஸ்பிரிங்கால் வெளியே தள்ளப்பட்டு, வெளிக்கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு உருளையைத் திரும்பவிடாமல் தடுக்கும் அமைப்பு. உரிய சாவி நுழைந்ததும் அதன் வெட்டுகள் தகடுகளை வேண்டிய அளவுக்கு நகர்த்தி, உருளையின் மேற்பரப்போடு சமமாக நிறுத்துகின்றன. ஒரு தகடு துருத்திக்கொண்டிருந்தாலும் பூட்டுத் திரும்பாது. ஒவ்வொரு வெட்டின் ஆழமும் உற்பத்தியாளர் வகுத்த சில படிகளுக்குள்ளேயே அடங்குவதால், அந்தப் படிகளின் வரிசையை அறிந்தவர் சாவியையே அறிந்தவராகிறார்.

இலங்கையில் இந்த அறிவு பெரும்பாலும் பூட்டிலிருந்தே பெறப்படுகிறது. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர் அந்நாட்டுச் சாலைகளை நிறைத்தவை ஜப்பானில் சில காலம் ஓடி, பின்பு மீள்சீரமைக்கப்பட்டு, ரீகண்டிஷன் வாகனம் என்ற பெயரில் இறக்குமதியான கொரோலா, சன்னி, டவுன்ஏஸ், ஹைஏஸ் போன்றவை. இவற்றிற் பல, முதல் உரிமையாளரிடமிருந்து ஏல நிலையத்துக்கும் அங்கிருந்து கப்பலுக்கும் கைமாறும்போதே இரண்டாம் சாவியையும், சாவி எண் பொறித்த சிறு தகட்டையும் இழந்துவிடுகின்றன. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென உருவான வாகனங்கள், பிற நாடுகளில் வழங்கும் 17 எழுத்தெண் கொண்ட அடையாள எண்ணுக்குப் பதிலாக, மாதிரிக் குறியீட்டையும் ஒரு தொடரெண்ணையும் மட்டும் கொண்ட குறுகிய அடிச்சட்டக எண்ணையே தாங்கியுள்ளன. ஆகவே, ஏற்றுமதிச் சந்தைக்கு உரிய பதிவேடுகளில் தேடி அந்த வாகனத்தின் சாவி எண்ணைக் கண்டுபிடிப்பது எளிதன்று. வாகனம் பற்றிய எழுத்துப் பதிவு கடலுக்கு அப்பால் தங்கிவிட, வாகனத்தோடு வந்துசேர்ந்த ஒரே சான்றாகப் பூட்டு மட்டுமே எஞ்சுகிறது.

இதனாலேயே இலங்கையின் நகரங்களில் திறப்பு (சாவி) வெட்டுபவர் என்று அறியப்படும் கைவினைஞரின் வேலை, படியெடுக்கும் இயந்திரத்தோடு முடிந்துவிடுவதில்லை. அவர் முதலில் கதவின் உள்தட்டியைக் கழற்றிப் பூட்டுருளையை வெளியே எடுக்கிறார். பழைய ஜப்பானியக் கார்கள் சிலவற்றில் அவ்வுருளையின் பக்கவாட்டிலேயே சாவி எண் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால், எண்ணெயும் அழுக்கும் படிந்த அந்த இடத்தைத் துடைத்துப் பார்ப்பதே தொடக்கமாகிறது. எண் கிடைக்காதபோது, வெட்டப்படாத வெற்றுச் சாவியை, அதாவது பிளாங்கை, நுழைக்கிறார். அது தகடுகளை அளவுக்கு மீறித் தூக்கி எதிர்ப்பக்கம் துருத்தச் செய்ய, எந்தெந்தத் தகடு எவ்வளவு துருத்துகிறது என்று குறித்துக்கொண்டு, பிளாங்கை வெளியே எடுத்து வைஸில் பிடித்து, நுண்ணரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, மீண்டும் நுழைத்துப் பார்க்கிறார். தகடுகள் யாவும் உருளையோடு சமமாகப் படியும்வரை இது தொடர்கிறது. ஓரிழுப்புக் கூடிவிட்டால் தகடு மறுபக்கம் துருத்தத் தொடங்கும், பிளாங்கும் வீணாகும். கதவுப் பூட்டில் இல்லாத தகடுகள் சில இயக்கப் பூட்டில், அதாவது இயந்திரத்தைத் தொடக்கும் பூட்டில், கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், கதவைத் திறந்த சாவி இயக்கப் பூட்டில் திரும்பாமல் நிற்பதும் உண்டு; எஞ்சிய வெட்டுகளை அங்கேயே சோதித்து முடிக்க வேண்டும்.

பூட்டை மாற்றிவிடலாமே என்ற கேள்வி இங்கு இயல்பாக எழும். கொழும்பின் பஞ்சிகாவத்தையில், பிரித்தெடுத்த வாகனங்களின் பழைய பூட்டுகள் சாவியோடு கிடைக்கின்றன. ஆனால் ஸ்டியரிங் பூட்டோடு இணைந்த இயக்கப் பூட்டின் உருளையை, சாவியால் ஒரு குறிப்பிட்ட நிலைக்குத் திருப்பிய பின்னரே பல வாகனங்களில் கழற்ற முடியும். சாவி இல்லாதபோது, முழுக் கூட்டையும் தாங்கி நிற்பதும் பொருத்தும்போதே தலை முறிந்துபோகும் வகையில் அமைந்ததுமான போல்ட்டைத் துளையிட்டு நீக்க வேண்டியிருக்கிறது. அப்படி மாற்றிய பின்னரும் கதவுக்கு ஒரு சாவியும் இயக்கத்துக்கு வேறொரு சாவியுமாக உரிமையாளர் சுமக்க நேரும். எனவே, பூட்டைக் காப்பாற்றிச் சாவியை உருவாக்குவதே சிக்கனமான வழியாக நிலைபெற்றுள்ளது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை உத்தர்பாராவில் உற்பத்தியான அம்பாசடர், 1983இல் வெளிவந்து 2014 வரை நீடித்த மாருதி 800, சென்னைத் திருவொற்றியூரில் உருவான புல்லட் முதலான வாகனங்கள் உள்நாட்டிலேயே லட்சக்கணக்கில் செய்யப்பட்டதால், அவற்றின் பூட்டுகளையும் மிண்டா, ஜெய் உஷின் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் செய்தன. இதன் விளைவாக லாக் செட் என்ற பொருள் கடைத்தெருவின் சாதாரணச் சரக்காயிற்று. இருசக்கர வாகனமாயின் இயக்கப் பூட்டு, பெட்ரோல் டேங்க் மூடி, பக்கவாட்டுப் பெட்டி அல்லது இருக்கைப் பூட்டு ஆகியவை ஒரே சாவிக்குப் பொருந்தும்படி ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரிப்பாகமும், புதுப்பேட்டையில் பழைய பாகமும் வாங்க முடிகிற சூழலில், சாவி தொலைந்தவரிடம் மெக்கானிக் முதலில் சொல்வது பெரும்பாலும் செட்டையே மாற்றிவிடலாம் என்பதுதான். தொலைந்த சாவி யார் கையிற் கிடைத்தாலும் இனிப் பயன்படாது என்பது இம்முறையின் உண்மையான நன்மை.

இதனால் இந்தியாவில் கைவினை அழிந்துவிட்டது என்று கருதக்கூடாது. நடைபாதையில் சாவிக் கொத்துகளைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் சாவிக்காரர், தடம் எடுத்தல் எனத்தக்க நுட்பத்தில் தேர்ந்தவர். பிளாங்கின் முகத்தை அரத்தால் மழுக்கி, சில வேளை விளக்குப் புகையில் கருக்கி, பூட்டில் நுழைத்து அழுத்தித் திருப்பும்போது தகடுகள் பதிக்கும் சிறு தடங்களைப் படித்து, பூட்டைக் கழற்றாமலேயே சாவியை உருவாக்கிவிடுகிறார். வட இந்தியாவிலும் தக்காணத்திலும் பரம்பரை இரும்புத் தொழிலாளரான சிக்லிகர் சமூகத்தினர் பலர் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர்.

மேற்கூறிய வேறுபாடு உற்பத்தி இடத்தைப் பொறுத்தது என்பதை, இரு நாட்டு நடைமுறைகளும் இடம் மாறிக்கொள்ளும் சில நேர்வுகள் உறுதிப்படுத்துகின்றன. இலங்கையின் பஜாஜ் முச்சக்கரவண்டிக்குச் சாவி தொலைந்தால், இந்தியாவிலிருந்து வரும் பூட்டுத் தொகுதி எளிதிற் கிடைப்பதால், அங்கும் பூட்டை மாற்றுவதே வழக்கம். மறுபுறம், உற்பத்தி நின்றுபோன பிரீமியர் பத்மினி போன்ற கார்களை அசல் பாகங்களுடன் பேண விரும்பும் இந்திய உரிமையாளர், இலங்கையரைப் போலவே, பழைய பூட்டைக் காப்பாற்றித் தரும் கைவினைஞரைத் தேடிச் செல்கிறார். யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயால் ஓட்டப்பட்டு உயிர்பிழைத்த மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் முதலிய பிரித்தானியக் கார்களோ, எண்ணைக் கொண்டே சாவி வெட்டும் முதல் வழிக்கு உரிய இன்னொரு வகை. அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் இயக்கப் பூட்டின் முகத்திலேயே எஃப்.எஸ். போன்ற எழுத்துகளோடு சாவி எண் பொறிக்கப்பட்டிருந்தது. அந்த வரிசையில் நூற்றுக்கும் குறைவான வேறுபாடுகளே இருந்தன. எண் மறையாதிருந்தால் சாவி செய்வது மிக எளிது. பாதுகாப்பும் அந்த அளவுக்குக் குறைவே.

தொழில்நுட்பத்தைக் காட்டிலும் இரு நாடுகளிலும் வலுவிழந்து காணப்படுவது, சாவி கேட்பவர் உரிமையாளர்தானா என்று உறுதிசெய்யும் நடைமுறையாகும். இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையம், வாகனப் பதிவுச் சான்றான ஆர்.சி.யையும் அடையாள ஆவணத்தையும், பல வேளைகளில் காவல் நிலையப் புகாரின் ஒப்புகையையும் கேட்கிறது. திருட்டு இழப்பீட்டுக்கு விண்ணப்பிப்பவரிடம் காப்பீட்டு நிறுவனம் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கமாதலால், அந்த ஒப்புகையைப் பேணுவது உரிமையாளருக்கும் நன்மை தருகிறது. நடைபாதைச் சாவிக்காரரிடம் இவ்விசாரணை அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது. இலங்கையிலும் பொறுப்புள்ள கைவினைஞர் பதிவுச் சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் பார்க்கிறார்; ஆனால், பெயர் மாற்றம் செய்யாமல், விற்றவர் கையொப்பமிட்ட படிவத்தோடு மட்டும் வாகனம் கைமாறும் ஓப்பன் பேப்பர் வழக்கம் பரவியிருப்பதால், உண்மையான உரிமையாளரின் பெயரே சான்றிதழில் இல்லாத நிலை நேர்கிறது. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடும் பழக்கம் இந்தியாவிலும் உண்டு.

2020இல் இலங்கை விதித்த வாகன இறக்குமதித் தடை, 2025வரை தனியார் வாகனங்களைக் கட்டுப்படுத்தியதால், பழைய வாகனங்களின் ஆயுளை நீட்டிப்பது அங்கே தவிர்க்க முடியாத தேவையாயிற்று. இந்தியாவில் 15 ஆண்டு கடந்த தனியார் வாகனத்தின் பதிவைப் புதுப்பித்து ஓட்டும் உரிமையாளர்களுக்கும் அத்தேவை உண்டு. ஆகையால், ஒரு நாட்டின் நடைமுறையிலிருந்து மற்றது பெறத்தக்க பாடங்கள் உள்ளன. நல்ல நிலையிலுள்ள பழைய பூட்டைக் கழற்றி எறிவதற்கு முன் அதிலிருந்து சாவியைப் பெற முடியுமா என்று பார்க்கும் பொறுமையை இந்திய மெக்கானிக் இலங்கையரிடமிருந்து கற்கலாம்; புகார், சான்று, ஒப்புகை ஆகியவற்றை ஒழுங்காகக் கோரும் முறையை இலங்கைக் கடைகள் இந்தியச் சேவை நிலையங்களிடமிருந்து கைக்கொள்ளலாம். இரு நாட்டுச் சாவிக் கைவினைஞர்களும் வாடிக்கையாளரின் பெயர், வாகனப் பதிவெண், பார்த்த ஆவணம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவைப்பார்களாயின், அவர்களது தொழில் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகும். பழைய வாகனத்தை வாங்குபவரின் கடமையோ இன்னும் எளியது: வாங்கிய அன்றே இரண்டாம் சாவியை வெட்டுவித்து, எண் இருந்தால் அதனையும் குறித்துவைத்து, இரண்டையும் வாகனத்துக்கு வெளியே பத்திரப்படுத்த வேண்டும். மாதிரி கையில் உள்ளபோது சில நிமிடங்களில் முடியும் இவ்வேலை, அது தொலைந்த பின் ஒரு கைவினைஞரின் முழு நாளையும் கேட்கக்கூடும்.