கண்கட்டு வித்தையா, ஓவியமா?

ஆங்கில ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961-இல் தீட்டிய 'சதுரங்களில் அசைவு' என்னும் படத்தைக் கண்கட்டு வித்தை என்று தள்ளிவிடுவோர் உளர். அது பொருந்தாது.

படத்தில் இருப்பன கறுப்பும் வெள்ளையுமான கட்டங்களே. இடப்புறம் சதுரங்கப் பலகைபோலத் தொடங்குகின்றன. எல்லாவற்றுக்கும் உயரம் ஒன்றே. அகலம் மட்டும் வலப்புறம் செல்லச் செல்லக் குறுகி, நடுவைச் சற்றுக் கடந்ததும் வெறுங்கீற்றாகி, மீண்டும் விரிகிறது. வளைகோடு ஒன்றேனும் இல்லை. ஆயினும் தட்டைப் பலகை ஒரு மடிப்புக்குள் சரிந்து விழுவதாகவே கண் சொல்கிறது. உருண்ட தூணின் விளிம்பை நோக்கி அதன்மேலுள்ள கட்டங்கள் குறுகித் தோன்றுவதை வாழ்நாளெல்லாம் கண்டு பழகிய கண் அல்லவா!

செப்படி வித்தைக்காரன் தன் சூழ்ச்சியை மறைப்பான். இவரோ எதையும் மறைக்கவில்லை. அளவுகோல் கொண்டு எவரும் அளக்கலாம். அளந்த பின்னும் பள்ளம் அகல்வதில்லை. அறிவு தெளிந்தும் கண் இணங்க மறுக்கும் இம்முரண்பாடே இவ்வோவியத்தின் பொருள்.

1965-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இத்தகைய ஓவியங்களின் பெருங்காட்சி நடைபெற்றது. அதையொட்டி ரைலியின் கோலங்கள் ஆடைத் துணிகளிலும் ஏறின. அவர் அதை விரும்பவில்லை, நியாயமே. எங்கே குறுகி எங்கே விரிய வேண்டும் என்ற கணக்கு துணியின் மடிப்பில் சிதைந்தபின் எஞ்சுவது வெறும் கட்டம் போட்ட சீலைதான்.