'பிரிக்': பள்ளி வளாகத்தில் ஒரு துப்பறிவாளன்

ரையன் ஜான்சன் எழுதி இயக்கிய முதல் முழுநீளப் படமான 'பிரிக்', 2005-ஆம் ஆண்டு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, புதுமையான பார்வைக்கான நடுவர் சிறப்புப் பரிசைப் பெற்றது. ஐந்து லட்சம் டாலருக்குள் எடுக்கப்பட்ட இப்படத்தின் களம், ஜான்சன் படித்த, கலிஃபோர்னியாவின் சான் கிளமென்ட்டே ஊர்ப் பள்ளி.

பிரெண்டன் (ஜோசப் கார்டன்-லெவிட்) என்ற மாணவனிடம், அவனைப் பிரிந்துபோன காதலி எமிலி பதறிய குரலில் தொலைபேசியில் பேசுகிறாள். இரண்டே நாளில் வடிகால் சுரங்கத்தருகே பிணமாகக் கிடக்கிறாள். போலீசுக்குப் போகாமல் பிரெண்டன் தானே துப்புத் துலக்க இறங்குகிறான். தடம் ஊரின் போதைமருந்து வியாபாரி 'பின்' என்பவனிடம் கொண்டுபோய் விடுகிறது. தலைப்பிலுள்ள செங்கல், களவுபோன ஹெராயின் கட்டி.

இந்தக் கதையின் எலும்புக்கூடு டாஷியல் ஹாமெட்டுடையது. அவருடைய 'ரெட் ஹார்வெஸ்ட்' (1929) நாவலில் துப்பறிவாளன் எதிரிகளை ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிடுவான். பிரெண்டனும் பின்னுக்கும் அவனுடைய அடியாள் டக்குக்கும் இடையே அதையே செய்கிறான். பள்ளிப் பிள்ளைகள் 1930-களின் நிழலுலக ஆட்களைப்போல் பேசினால் கேலிக்கூத்தாக முடியும் ஆபத்து உண்டு. ஜான்சன் எந்த இடத்திலும் பார்வையாளரைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. படத்தின் முதல் பலம் இந்த உறுதிதான்.

பின்னின் வீட்டுக் காட்சி இதற்குச் சான்று. கைத்தடியும் கறுப்பு அங்கியுமாக அச்சமூட்டும் அவன், தாயின் வீட்டு நிலவறையில் தொழில் நடத்துகிறான். அங்கே அடிவாங்கி, முகம் வீங்கிய பிரெண்டனைச் சமையலறையில் உட்காரவைத்து, அந்தத் தாய் பழச்சாறு ஊற்றிக் கொடுக்கிறாள். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அவளுடைய உபசரிப்பில் பொய்யில்லை, பையன்களின் பயமும் குறையவில்லை. பிறகு கடற்கரையில் டால்கீனின் கதைகளைப் பற்றிப் பின் பேசும்போது, அந்த அங்கிக்குள் தனித்துப்போன ஓர் இளைஞன் தெரிகிறான்.

ஒலியைக் கையாளும் விதமும் பாராட்டுக்குரியது. கத்தியோடு ஒருவன் துரத்தும் காட்சியில் பெரும்பாலும் கேட்பது காலடியோசைதான். பிரெண்டன் காலணியைக் கழற்றியதும் அந்தத் தடயமும் துரத்துபவனுக்கு இல்லாமல் போகிறது. துரத்தியவன் இரும்புக் கம்பத்தில் மோதி விழுகிறான். பெரிய செலவில்லாமல், புத்தியால் அமைந்த பதற்றம் இது.

துணை முதல்வரின் அறையில் நடக்கும் பேரம் இன்னொரு நல்ல இடம். போலீஸ் அதிகாரியிடம் தனியார் துப்பறிவாளன் முறைத்துக்கொள்ளும் வழக்கமான காட்சி இங்கே பள்ளி ஒழுங்கு விசாரணையாகிறது. துணை முதல்வராக நடித்தவர், 1971-இல் 'ஷாஃப்ட்' படத்தில் துப்பறிவாளராக வந்த ரிச்சர்ட் ரவுண்ட்ட்ரீ. ஆனால் இந்தத் துணை முதல்வரையும் பின்னின் தாயையும் விட்டால் படத்தில் பெரியவர்கள் ஏறக்குறைய இல்லை. பிரெண்டனின் பெற்றோர் கண்ணில் படுவதே இல்லை. கதை ஓட இது வசதி. ஒரு மாணவி இறந்ததை ஊரும் வீடும் எப்படித் தாங்கின என்ற கேள்விக்கு மட்டும் படத்தில் இடமில்லை.

பெருங்குறை எமிலியின் பாத்திரப் படைப்பில் இருக்கிறது. அவளுக்காகவே அத்தனை அடியையும் பிரெண்டன் வாங்குகிறான். அவளோ ஒரு குரலாகவும், சில நினைவுக் காட்சிகளாகவும், தண்ணீரோரம் கிடக்கும் கையாகவும் நின்றுவிடுகிறாள். விசாரணையின் வழியில் பிரெண்டன் சந்திக்கும் மாணவி லாராவும் மயக்கி ஏமாற்றும் பெண் என்ற பழைய அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கிறாள். ஹாமெட்டின் கட்டுமானத்தைப் பள்ளிக்குள் துணிச்சலாகக் கொண்டுவந்த ஜான்சன், அதிலிருந்த இந்தப் பழுதையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டார்.

வசனம் இருபுறமும் வெட்டும் கத்தி. வேகமும் பழைய குழூஉக்குறிகளும் தனி உலகம் ஒன்றை எழுப்புகின்றன. முதல்முறை பார்ப்பவருக்கோ யார் யாருக்கு என்ன செய்தார் என்பதே பிடிபடாமல் நழுவுகிறது. பிரெண்டனின் துயரமும் இந்தப் பேச்சுக்குள் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கிறது. அது திறப்பது கடைசியில், வெறிச்சோடிய விளையாட்டுத் திடலில். எமிலி கருவுற்றிருந்ததை வைத்து லாரா அவனைக் குத்திப் பேசும்போது, பிரெண்டனிடம் சட்டென்ற பதில் இல்லை. படம் முழுவதும் மறைந்திருந்த சிறுவனின் முகம் அங்கேதான் தெரிகிறது.