80 மடங்கு யாருக்கு வேண்டும்?

நியூ மெக்சிகோவின் ராட்டன் ஊருக்கு அருகே இருக்கிறது விட்டிங்டன் சென்டர். எஃப்-கிளாஸ் துப்பாக்கி சுடுதலின் உலக சாம்பியன்ஷிப் 2013-ல் அங்கேதான் நடந்தது. மேட்டு நிலம், வறண்ட தரை, மறைப்பில்லாத வெயில். இந்த விளையாட்டின் அமெரிக்க இலக்கு அட்டையில், 1000 யார்டு (914 மீட்டர்) தூரத்தில், 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10 அங்குலம். அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் வெறும் 5 அங்குலம். சமநிலையில் முடிந்தால் எக்ஸ் எண்ணிக்கைதான் வெற்றியாளரைத் தீர்மானிக்கும்.

இந்த 5 அங்குலத்தைக் காட்டித்தான் 55, 60, 80 மடங்கு ஸ்கோப்புகள் விற்கப்படுகின்றன. பெட்டியின் மேல் உள்ள பெரிய எண் வாங்குபவரை மயக்குகிறதே தவிர, சுடுபவருக்குப் பெரிதாக உதவுவதில்லை என்பது என் கட்சி.

நம் ஊரில் துப்பாக்கி சுடுதல் என்றால் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் நினைவுக்கு வருவார். அவர் ஆடும் ஒலிம்பிக் ரைபிள் பிரிவில் ஸ்கோப்புக்கே இடமில்லை. சிறு துளை வழியே பார்த்துத்தான் குறிவைக்க வேண்டும். எஃப்-கிளாஸ் பிறந்த கதை வேறு. வயதாகிக் கண்ணும் தோளும் ஒத்துழைக்காதவர்களும் தொடர்ந்து சுடட்டும் என்று, கனடாவின் ஜார்ஜ் ஃபார்குவார்சன் படுத்துச் சுடும் போட்டியில் ஸ்கோப்பையும் தாங்கியையும் கொண்டுவந்தார். பெயரில் உள்ள ‘எஃப்’ அவர்தான்.

கணக்குக்கு வருவோம். அந்த எக்ஸ் வட்டம் 55 மடங்கில், வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலாவைவிடக் கொஞ்சம் சிறிதாகத் தெரியும். 80 மடங்கில் நிலாவையே மிஞ்சிவிடும். ஆனால் பெரிதாகத் தெரிவதும் தெளிவாகத் தெரிவதும் ஒன்றல்ல. 56 மி.மீ. முகப்பு லென்ஸை எவ்வளவு துல்லியமாகக் கடைந்தாலும், 914 மீட்டரில் சுமார் 9 மி.மீ.க்குக் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. அந்த எல்லையை ஒளியே வகுத்துவிட்டது. நல்ல பார்வை உள்ளவர் ஏறக்குறைய 30 மடங்கிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுவார். அதைப் போல இன்னொரு பங்கு பெரிதாக்கினால் கண்ணுக்குச் சிரமம் குறையும், அவ்வளவுதான். அதற்கும் மேலே போனால் புதிதாக எதுவும் தெரியாது. குண்டு பட்ட ஓட்டையைத் தேடும் வேலையும் இல்லை. அட்டைக்குக் கீழே குழியில் இருப்பவர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் அட்டையை இறக்கி, ஓட்டையில் வட்ட வில்லையைச் செருகி, திரும்ப ஏற்றிக் காட்டிவிடுவார்கள்.

கண் பக்கம் வெளிவரும் ஒளிக்கற்றையையும் பாருங்கள். 56 மி.மீ. லென்ஸை 40 மடங்கில் வைத்தால் அதன் அகலம் 1.4 மி.மீ.; 80 மடங்கில் 0.7 மி.மீ.தான். படம் இருட்டும். கற்றை அவ்வளவு மெலியும்போது நம் கண்ணுக்குள்ளேயே மிதக்கும் தூசுகள் நிழலாடத் தொடங்கும். வயது ஏற ஏற இந்தத் தொல்லை கூடும். முதியவர்களுக்காகத் தொடங்கிய விளையாட்டில் இது ஒரு வேடிக்கை.

எல்லாவற்றுக்கும் மேல் கானல். வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் சூடான காற்று ஒளியை வளைக்கிறது. வட்டங்கள் நெளிகின்றன, காற்று அடங்கினால் அட்டையே மேல்நோக்கிக் கொதிக்கிறது. பக்கவாட்டில் காற்று வீசினால் படம் அந்தப் பக்கமாக நகர்ந்து நிற்கும். சுடுபவர் நகர்ந்த படத்தின் நடுவைத்தான் குறிவைக்கிறார். மடங்கைக் கூட்டினால் இந்த நெளிவும் சேர்ந்தே பெருகும். அதனால்தான் 55 வரை போகும் ஸ்கோப் வைத்திருப்பவர்களும் நண்பகலில் 35, 40-க்கு இறக்கிவிடுகிறார்கள். சுட்டுச் சூடான குழலிலிருந்தும் அனல் எழுந்து லென்ஸின் முன்னால் ஆடும். அதைத் தடுக்கக் குழலின் மேல் நீளமாக ஒரு பட்டையை இழுத்துக் கட்டுகிறார்கள். விலையில்லாத அந்தப் பட்டை செய்யும் நன்மையைக் கூடுதல் 20 மடங்கு செய்யாது.

ஜப்பானின் நாகானோவில் தயாராகும் மார்ச் ஸ்கோப்புகளின் ‘ஹை மாஸ்டர்’ வரிசை விலையில் உச்சம். அதன் கண்ணாடி கானலையே அடக்குகிறது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. வளையங்களின் ஓரம் கூர்மையாகவும் நிறம் பிரியாமலும் தெரிவது உண்மை. அந்தக் கூர்மைக்குக் காசு கொடுக்கலாம். ஆனால் லென்ஸுக்கு வருமுன்பே காற்றில் வளைந்துவிட்ட ஒளியை எந்த லென்ஸ் நிமிர்த்தும்? நைட்ஃபோர்ஸ் காம்பெடிஷன் 15-55x52 சுமார் 790 கிராம்தான். துப்பாக்கி, தாங்கி, ஸ்கோப் எல்லாம் சேர்த்து 8.25 கிலோவைத் தாண்டக் கூடாத எஃப்-டிஆர் பிரிவில், மிச்சமாகும் ஒவ்வொரு கிராமையும் கனமான குழலுக்குக் கொடுக்கலாம். வோர்டெக்ஸ் கோல்டன் ஈகிள் 15-60x52 மூன்றில் விலை குறைந்தது. அந்த விலைக்கு அதன் கண்ணாடி நன்றாகவே இருக்கிறது.

கடையில் யாரும் காட்டாத சோதனை ஒன்று உண்டு. துப்பாக்கியை அசையாமல் பூட்டி, 100 யார்டு தள்ளி, தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்துக் கோடு போட்ட அட்டையை நிறுத்துங்கள். மேல்திருகில் 30 கோண மினிட் ஏற்றினால் குறுக்குக்கோடு அந்தக் கோட்டிலேயே 31.4 அங்குலம் நகர வேண்டும்; இறக்கினால் புறப்பட்ட புள்ளிக்கே திரும்ப வேண்டும். எஃப்-கிளாஸில் முதலில் சோதனைக் குண்டுகள் கிடைப்பதால், மொத்த அளவில் சிறு பிசகு இருந்தாலும் சமாளிக்கலாம். திரும்பி வராத திருகைச் சமாளிக்க முடியாது. இந்த ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் என்பது பொதுவாக கால் மினிட்டில் பாதி. 1000 யார்டில் 1.3 அங்குலம். அது ஒருமுறை நகர்ந்து மறுமுறை ஒட்டிக்கொண்டால், 80 மடங்கில் உங்கள் தவறு பெரிதாகத் தெரியும் என்பதைத் தவிர வேறு லாபமில்லை.

எஃப்-டிஆருக்கு என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நைட்ஃபோர்ஸ் 15-55-ஐ எடுப்பேன். காலையில் 50, வெயிலில் 38. ஒரே மடங்கு போதும் என்பவர் அதே நிறுவனத்தின் 42x44-ஐப் பார்க்கலாம். எடை இன்னும் குறைவு, உள்ளே நகரும் லென்ஸுகளும் குறைவு. 10 கிலோ வரை அனுமதி உள்ள ஓப்பன் பிரிவில், பையில் பணமும் இருந்தால், மார்ச் வாங்குங்கள். வாங்கி 45-ல் வையுங்கள்.