வைலிமாவில் ஸ்ரீவன்சன்

ரொபேட் லூயி ஸ்ரீவன்சன் என்ற பெயரைக் கேட்டதும் எமது மாணவர்களின் மனக்கண்முன் தோன்றுவது ஒற்றைக்காற் கடற்கொள்ளைக்காரனும் அவன் தோளிலிருந்து கத்தும் கிளியுமே. ‘புதையல் தீவு’ சுருக்கப் பதிப்பாகப் பல வகுப்பறைகளிற் படிக்கப்பட்டமையின் விளைவு இது. அவரது வாழ்க்கையைச் சிறிது அறிந்தவர்களை வினவினால், நோயாளியான எழுத்தாளர் ஒருவர் குளிர்நாட்டை விட்டு வெயில் மிகுந்த தென்கடல் தீவொன்றுக்குச் சென்று, தென்னஞ்சோலைகளின் நடுவே கதை சொல்லிக்கொண்டிருந்து மறைந்தார் என்பர். இரசிகர்கள் இச்சித்திரத்தில் மயங்குகின்றனர். எமது முற்போக்கு நண்பர்களிற் சிலரோ இதே சித்திரத்தைக் காட்டி, உலகை மறந்து தீவிற் சுகங்கண்ட கனவுக் கதைக்காரர் என்று அவரை ஒதுக்கிவிடுகின்றனர். இரு சாராரும் பார்ப்பது ஒரே படத்தைத்தான். அப்படமே பிழையானது என்பது எமது கருத்து. அதனை நிறுவுவதற்கு அவரது பெரிய நாவல்களிடம் போகவேண்டியதில்லை. அத்தீவில் அவர் நாள்தோறும் செய்தது என்ன என்று நோக்குவதே போதும்.

1850-ல் எடின்பரோவில், கலங்கரை விளக்கங்களை அமைக்கும் பொறியியலாளர் குடும்பமொன்றிற் பிறந்த ஸ்ரீவன்சன் இளமை தொட்டே நெஞ்சுநோயால் வருந்தியவர். உடம்புக்கு ஒத்த காற்றைத் தேடிப் பல நாடுகளில் அலைந்தபின், 1889 டிசம்பரிற் சமோவாவின் ஆப்பியாத் துறைமுகத்தை அடைந்தார். ஊரிலிருந்து 3 மைல் உள்ளே, வாயா மலையின் அடிவாரத்தில் 300 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டுநிலத்தை வாங்கினார். வைலிமா என்னும் அவ்விடத்தில் 1890 முதல் 1894-ல் இறக்கும்வரை வாழ்ந்தார். மனைவி ஃபானி, தாயார், மனைவியின் முதல் மணத்துப் பிள்ளைகள், பேரன், பணியாட்கள் என்று பெருங்குடும்பம். அத்தனை பேருக்கும் சோறு போட்டது ஒருவருடைய பேனா.

விடியற்காலையிலேயே அவர் எழுதத் தொடங்கிவிடுவார். பெரும்பாலும் படுக்கையிற் சாய்ந்தபடியே. 1892 முதல், கை எழுத இணங்காதபோது அவர் சொல்லச் சொல்ல மனைவியின் மகள் இசபெல் எழுதினார். ஃபானி தோட்டம் போட்டார். கொக்கோக் கன்றுகளை நட்டார். ஸ்ரீவன்சனும் முதல் ஆண்டுகளிற் கத்தியை எடுத்துக் காட்டுப் பாதையை வெட்டினார். நாள்முழுதும் களை பிடுங்கினார். இலண்டனிலிருந்த நண்பர் சிட்னி கொல்வினுக்கு எழுதிய கடிதங்களில், நாவலைப் பற்றிய செய்திகளிலும் களைகளைப் பற்றிய செய்திகள் சில வேளை அதிகமாயிருக்கின்றன. வெட்ட வெட்ட மீண்டும் எழும் காட்டின் மூர்க்கம் அவரை அச்சுறுத்தியது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பச்சைச் சொர்க்கமாகத் தோன்றும் நிலம், அதிற் பாடுபடுபவனுக்கு எப்படித் தோன்றும் என்பதை அவருடைய கைகள் அறிந்தன. அந்த வெயில் நாட்டிலே வீட்டுக் கூடத்திற் கணப்படுப்பு ஒன்றையும் கட்டுவித்தார் என்பதை இங்கே சொல்லாமல் விடமுடியவில்லை. ஸ்கொத்லாந்து அவரை விட்டபாடில்லை.

பிற்பகலிற் குதிரையேறி ஆப்பியாவுக்குச் செல்வார். அத்துறைமுகத்தில் அப்போது மூன்று வல்லரசுகளின் பிரதிநிதிகள் இருந்தனர். சமோவாவுக்காகப் போட்டியிட்ட ஜேர்மனி, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்றும் 1889 மார்ச்சிற் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. ஒரு பெரும் புயல் ஜேர்மனிய, அமெரிக்கக் கப்பல்களைச் சிதைத்தது. அதே ஆண்டு பேர்ளினிற் கூடி ஓர் உடன்படிக்கை செய்து, லௌபெப்பாவை அரசனாக்கி, அவருக்கு மேலே வெளிநாட்டு அதிகாரிகளையும் வைத்தன. மக்களிற் பெரும்பகுதியினர் போற்றிய தலைவரான மத்தாபா ஒதுக்கப்பட்டார். தலைவர்கள் வைலிமா விறாந்தைக்கு வந்து இவற்றையெல்லாம் பேசினர். ஸ்ரீவன்சன் சமோவா மொழியைக் கற்றார். ‘குப்பிப் பூதம்’ என்று நாம் பெயரிடக்கூடிய அவரது கதையொன்று 1891-ல் அங்குள்ள கிறிஸ்தவ ஊழியர்களின் பத்திரிகையிற் சமோவா மொழியில் வெளிவந்தது. இவ்வளவு பெரிய வீடு அந்தக் குப்பியின் தயவால் வந்ததே என்று நம்பி, அதனைக் காட்டும்படி கேட்டோரும் இருந்தனராம். கதை எழுதிப் பொருளீட்டலாம் என்பதிலும் பூதத்தால் ஈட்டலாம் என்பது நம்பத்தக்கதாய் இருந்தது போலும்!

இலண்டன் நண்பர்களுக்கு இவை சலிப்பூட்டின. தீவு மக்களின் வழக்குகளை விட்டு நாவலைக் கவனிக்குமாறு கொல்வின் கடிந்துகொண்டார். அவரோ 1892-ல் ‘வரலாற்றுக்கு ஓர் அடிக்குறிப்பு’ என்ற நூலை வெளியிட்டார். ஜேர்மனியக் கம்பெனியின் நில ஆதிக்கம், கொன்சல்களின் சூழ்ச்சிகள், அதிகாரிகளின் திறமையின்மை யாவும் அதில் விரிவாக இடம்பெற்றன. இலண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகைக்கும் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். அதே 1892-ன் இறுதியில், மேல் பசிபிக் உயராணையாளரான சேர் ஜோன் தேர்ஸ்ரன் சமோவாவிலுள்ள பிரித்தானியர்கள் அரசநிந்தனை செய்தால் அபராதமும் சிறையும் என்று ஒரு பிரமாணம் பிறப்பித்தார். அது யாரைக் குறித்தது என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. இந்தத் தேர்ஸ்ரனே பிஜித் தீவின் ஆளுநருமாவார். ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைத்த காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை ஏற்றிய கப்பல்கள் சில ஆண்டுகளின் பின் அங்கு சென்றன. பாரதியின் உள்ளத்தைப் பிழிந்த துயரம் அக்கடலிலேதான் விளைந்தது.

இவ்வன்றாட அனுபவம் ஸ்ரீவன்சனது கலையை என்ன செய்தது? இதுவே எமக்கு முக்கியமான வினா. ‘ஃபலேசாக் கடற்கரை’ என்னும் நெடுங்கதை 1892-ல் வெளிவந்தது. அதில் வரும் தீவிற் புதையல் இல்லை. கொப்பறாவும் தராசும் உண்டு. வில்ற்சயர் என்ற வெள்ளை வியாபாரி தானே கதையைச் சொல்கிறான். அவன் வந்திறங்கியதும், கேஸ் என்ற போட்டி வியாபாரி உமா என்னும் தீவுப் பெண்ணை அவனுக்கு ‘மணம்’ செய்து வைக்கிறான். அவளுக்குக் கொடுக்கப்படும் பத்திரம் ஒரேயோர் இரவுக்கே செல்லுபடியாகும். வாசிக்கத் தெரியாத அவள் அதனைப் பேணி வைக்கிறாள். இவ்வொரு பத்திரத்தில், காலனித்துவத்தின் ஒப்பந்தங்கள் அனைத்தினதும் இயல்பை ஸ்ரீவன்சன் காட்டிவிடுகிறார் எனலாம். இலண்டனில் அச்சிட்டவர்கள் இதனைப் பொறுக்கவில்லை. கதையின் பல இடங்களில் வெட்டும் திருத்தமும் நிகழ்ந்தன. அவர் எழுதியவாறே கதையைப் படிப்பதற்கு வாசகர்கள் 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வில்ற்சயர் வெள்ளையனின் உயர்வை நம்புபவன். ஆயினும் உமாவை மெய்யாகவே நேசிக்கத் தொடங்கி, முறைப்படி மணக்கிறான். தீவு மக்களிடம் நேர்மையாக வியாபாரம் செய்வதாக மிசனரிக்கு வாக்களித்து, அதனைக் காக்கவும் செய்கிறான். ஆனாற் கம்பெனி அவனை வேறோர் இடத்துக்கு மாற்றியபோது, அங்கே வாக்குறுதி எதுவும் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ஆறுதலடைகிறான்! முடிவிலே தன் கலப்பின மகளிருக்கு வெள்ளை மாப்பிள்ளைகள் எங்கே கிடைப்பர் என்று ஏங்குகிறான். ஒரு மனிதன் அன்பினால் எவ்வளவு தூரம் மாறுவான், அவனுடைய தொழில் எவ்விடத்தில் அவனை மறித்து நிறுத்தும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆங்கிலக் கதைகள் அக்காலத்தில் மிகச் சிலவே. எடின்பரோவிலிருந்துகொண்டு இதனை எழுதியிருக்க முடியாது. ஆப்பியாவின் கடற்கரையில் இத்தகைய வியாபாரிகளோடு நின்று பேசியவரே இதனை எழுத முடியும்.

இவ்வளவு கூறியபின், வைலிமாவின் மறுபக்கத்தை மறைத்தல் எமக்கு அழகன்று. ஸ்ரீவன்சன் அங்கே எசமானராகவே வாழ்ந்தார். விழா நாட்களில் அவருடைய பணியாட்கள் ஸ்கொத்லாந்து அரச குலத்துக்குரிய கட்டம்போட்ட துணியைச் சாரமாக உடுத்து நின்றனர். குற்றஞ்செய்த பணியாளரைக் கூடத்தில் வைத்து விசாரித்து, அபராதமும் விதித்தார். சமோவாக் குலங்களில் அவர் கண்டது தோற்கடிக்கப்பட்ட ஸ்கொத்லாந்து மலைநாட்டுக் குலங்களின் சாயலை. அந்த ஒப்புமை அவருக்கு அனுதாபத்தைத் தந்தது. அதுவே தலைவர்களுக்குக் கீழே இருந்தோரை அவர் பார்வையிலிருந்து ஓரளவு மறைத்தும்விட்டது. ஜேர்மனியக் கம்பெனியின் தோட்டங்களில் உழைத்தவர்கள் சமோவர்கள் அல்லர். சொலமன் முதலான மேற்குத் தீவுகளிலிருந்து ஒப்பந்தத்திற் கொண்டுவரப்பட்ட கறுப்புத் தொழிலாளர். அவர்களுட் சிலர் காட்டுக்குத் தப்பியோடியதை ஸ்ரீவன்சன் அறிவார். தமது வரலாற்று நூலிற் குறிப்பிட்டுமிருக்கிறார். ஆனால் அவர்களுள் ஒருவனை நடுவில் வைத்து அவர் நாவல் எழுதவில்லை. கணக்குப்பிள்ளையும் லயமும் உள்ள நாட்டிலிருந்து அவரைப் படிக்கும் எமக்கு அந்த வெற்றிடம் உடனே கண்ணிற்படுகிறது. அதற்காக, அவர் எழுதியதையும் தள்ளிவிடுவது விமர்சனமாகாது.

1893-ல் மூண்ட போரில் மத்தாபா தோற்று நாடுகடத்தப்பட்டார். அவரது பக்கத்துத் தலைவர்கள் ஆப்பியாச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஸ்ரீவன்சன் குடும்பத்தோடு அங்கு சென்று அவர்களுக்குப் புகையிலையும் உணவும் கொடுத்தார். 1894-ல் விடுதலையான தலைவர்கள் தாமாகவே முன்வந்து, கூலி கொள்ளாது, வைலிமாவுக்கு ஒரு வீதியை வெட்டிக் கொடுத்தனர். அதன் திறப்பு விருந்திற் பேசிய ஸ்ரீவன்சன் அவர்களை வெறுமனே புகழவில்லை. வீதிகளை அமையுங்கள், நிலத்தைப் பயிரிடுங்கள், இல்லையேல் வேறொருவர் வந்து அதனை எடுத்துக்கொள்வார் என்ற கருத்தையே வற்புறுத்தினார்.

அவ்வாண்டு டிசம்பர் 3-ந் திகதி காலையில், குளிரும் காற்றும் நிறைந்த ஸ்கொத்லாந்தைக் களமாகக் கொண்ட ‘ஹேமிஸ்ரனின் வெயர்’ நாவலிற் சில பக்கங்களைச் சொல்லி எழுதுவித்தார். மாலையில் மனைவிக்குச் சமையலில் உதவிக்கொண்டிருந்தபோது மூளையில் இரத்தம் பெருகி வீழ்ந்தார்; அன்றிரவே இறந்தார். வயது 44. சமோவர்கள் வாயா மலையின் உச்சிவரை காட்டை வெட்டி வழியமைத்து, மறுநாள் அவரைச் சுமந்து சென்று புதைத்தனர்.

ஐந்து ஆண்டுகளின் பின், 1899-ல், ஜேர்மனியும் அமெரிக்காவும் சமோவாவைப் பங்குபோட்டுக்கொண்டன. மேற்குப் பகுதி 1962-ல் சுதந்திரம் பெற்றது. வைலிமா 1994 முதல் நூதனசாலையாக இருக்கிறது. அதற்கு முன்னர் அது நெடுங்காலம் ஆட்சியாளரின் மாளிகை. அவர்களுள் முதலாவதாக அங்கு குடிபுகுந்தவர் ஜேர்மனிய ஆளுநர். சிறையிலிருந்து வந்த தலைவர்கள் வெட்டிய வீதி அவ்வீட்டுக்குத்தான் சென்றது.