நொதித்த கோழிக்கழிவுத் தீவனம்: பயனும் வரம்பும்

கறிக்கோழியின் உயிர் எடையில் கால் பங்குக்கு மேல் குடல், தலை, கால், இரத்தம், இறகு எனக் கழிவாகிறது. இறகு நீங்கலான கழிவை அரைத்து, மொலாசஸும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவும் சேர்த்துக் காற்றுப்புகாமல் மூடிவைத்தால், சில நாள்களில் லாக்டிக் அமிலம் பெருகிக் கலவையின் பி.எச். 4.5-க்குக் கீழ் இறங்கும். இவ்வாறு பக்குவமான கழிவு பன்றி, மீன், மென்மயிருக்காக வளர்க்கப்படும் மிங்க் போன்றவற்றுக்குத் தீவனமாகிறது.

இம்முறையின் முதல் பயன் சேமிப்பு. சில மணி நேரத்தில் அழுகிவிடும் புரதத்தை, உலர்த்தும் எரிபொருள் செலவின்றிப் பல வாரங்கள் காக்க முடிகிறது. அமிலச் சூழலில் சால்மோனெல்லா, ஈ.கோலை ஆகியவை வெகுவாகக் குறைகின்றன. தமிழ்நாட்டில், தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கும் குளங்களில் கோழிக்கழிவைப் பச்சையாகவே கொட்டும் வழக்கத்தோடு ஒப்பிட்டால், இது பல மடங்கு மேலானது.

ஆனால், நொதித்தல் கழிவைக் கெடாமல் காக்குமே தவிர, கிருமியற்றதாக்காது. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் பாக்டீரியாவின் வித்துகள் அமிலத்தில் அடங்கிக் கிடக்குமேயன்றிச் சாவதில்லை. கலவை சீராகப் புளிக்காத இடத்தில் அவை முளைத்து, பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கலாம். மிங்க் விலங்குகளுக்குப் பொட்டுலிசத் தடுப்பூசி போடப்படுவது இந்த ஆபத்தினால்தான். பறவைக் காய்ச்சல் வைரஸை ஒழிக்கவும் அமிலத்தை மட்டும் நம்ப முடியாது. வெப்பமே உறுதியான வழி.

அடுத்த குறை மூலப்பொருளைச் சார்ந்தது. கழிவு தாமதமாக வந்து சேர்ந்தால், அமினோ அமிலங்கள் சிதைந்து ஹிஸ்டமின், கடாவரின் போன்ற அமீன்கள் உருவாகின்றன. பின்னர் நொதிக்கவைத்தாலும் சூடாக்கினாலும் இவை பெரும்பாலும் நீங்குவதில்லை. இவற்றின் அளவு மிகுந்தால் விலங்குகள் தீவனம் எடுப்பது குறையும். வாந்தியும் கழிச்சலும் வரலாம். கோழிக்கொழுப்பில் நிறைவுறா கொழுப்பு அமிலங்கள் மிகுதி என்பதால் அது எளிதில் காறலெடுத்து வைட்டமின் ஈ-யை அழிக்கிறது. பன்றி, மிங்க் ஆகியவற்றில் மஞ்சள் கொழுப்பு நோய்க்கு இது வழிவகுக்கும். இறகின் கெரட்டினை லாக்டிக் பாக்டீரியா உடைக்காததால், இறகைத் தனியே நீராவி அழுத்தத்தில் பதப்படுத்த வேண்டும்.

ஒரே இனத்தின் கழிவை அதே இனத்துக்கு ஊட்டுவது தனிச் சிக்கல். மாட்டுக் கழிவை மாட்டுக்கே ஊட்டியதால் பரவிய மாட்டுப்பித்த நோய் 1986-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பின், ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் பண்ணை விலங்குகளுக்கு விலங்குப் புரதம் அளிப்பதைப் பரவலாகத் தடுத்தது. வெப்பத்தால் பதப்படுத்திய கோழிப் புரதத்தைப் பன்றிக்கு அளிக்க 2021-இல் அனுமதி கிடைத்தது. கோழிப் புரதத்தைக் கோழிக்கே அளிக்கும் தடை நீடிக்கிறது.

ஆகவே, கழிவைப் புதிதாகச் சேகரித்து, முதலில் வேகவைத்து, பின் நொதிக்கவைத்து, பி.எச். அளவைத் தொடர்ந்து சோதித்து, வேறு இன விலங்குக்கு அளித்தால் மட்டுமே இது பாதுகாப்பான தீவனம். கெட்டுப்போன கழிவை நல்லதாக்கும் ஆற்றல் நொதித்தலுக்குக் கிடையாது.