வல்லோசையும் அழுகை மெய்ப்பாடும்

அழுகை மென்மையான ஓசையிலேயே புலப்படும் என்பது இசைபற்றியும் இலக்கியம்பற்றியும் எழுதுவோரிடை வேரூன்றிய கருத்து. தாழ்குரலும் தனிநரம்பும் துயரத்துக்கு உரியன என்றும், முழக்கம் வெகுளிக்கும் வீரத்துக்கும் உரியது என்றும் நாம் பகுத்துக்கொண்டுள்ளோம். மேனாட்டில் 'ஹெவி மெட்டல்' எனப் பெயர்பெற்ற இசைவகையை ஆராயப் புகுவார் இப்பகுப்பினாலேயே முதலில் இடறுகின்றனர். மின்கிதாரின் கரகரப்பையும், முரசின் அதிர்வையும், தொண்டை கிழியும் குரலையும் கேட்ட அளவில் அதனைச் சினத்தின் இசை எனத் துணிந்துவிடுகின்றனர். அவ்விசையின் ஒரு பெரும்பகுதி துயரத்தின் இசை என்பதும், அதனை அளந்தறியத் தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாட்டியல் துணைசெய்யும் என்பதும் ஈண்டு காட்டப்பெறும். ஒப்புநோக்குதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் வழியிலுள்ள சாணார்பட்டியையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த இழவு வீடுகளே போதும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டெனக் கொண்டு, ஒவ்வொன்றும் பிறக்கும் களன் நான்கெனக் கூறினார். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவற்றாலும், வெகுளி உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பவற்றாலும் பிறக்கும். இளிவாவது பிறரால் இகழப்படுதல். இழவாவது சுற்றத்தையும் உடைமையையும் இழத்தல். அசைவாவது பண்டைநிலை கெட்டு வேறாகி வருந்துதல் என உரையாசிரியர் விளக்குவர். இவ்விரு பட்டியலிலும் ஓசை வலிது மெலிது என்னும் பேச்சே இல்லை என்பது நோக்குதற்குரியது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வது மெய்க்கண் தோன்றிக் காண்போர்க்குப் புலனாதல். ஆகவே, ஓர் ஓசை எம்மெய்ப்பாட்டுக்கு உரியது என்பதை அதன் வன்மையை நோக்காது, அது பிறந்த களனையும் கேட்போர் மெய்யில் அது செய்யும் வேறுபாட்டையும் நோக்கியே துணிதல் வேண்டும்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1968ஆம் ஆண்டில் கூடிய 'பிளாக் சபாத்' என்னும் குழுவே இவ்விசைவகைக்கு முதல்வர் எனப் பெரும்பாலோர் உடன்படுவர். அக்குழுவின் கிதார்க் கலைஞர் டோனி ஐயோமி, 1965இல், தம் பதினேழாம் அகவையில், தகட்டிரும்புத் தொழிற்சாலை ஒன்றில் பணியின் இறுதி நாளன்று, வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளை இயந்திரத்துக்கு இழந்தார். அவர் இடக்கையால் மீட்டுபவர். ஆதலின் வலக்கை நரம்பை அழுத்தும் கை. நெகிழிப் புட்டியை உருக்கி விரலுறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய நரம்புகளைப் பூட்டி மீண்டும் வாசிக்கலானார். பின்னர், 1971இல் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டின் பாடல்கள் பலவற்றில், நரம்பின் இழுவிசையைத் தளர்த்திச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். அவ்விசையின் ஆழ்ந்த கனத்துக்கு இவ்விறக்கமும் ஒரு காரணமாயிற்று.

உறுப்பறையைத் தொல்காப்பியர் வெகுளிக்குக் களனாக வைத்தாராலோ எனின், வைத்தார். ஆயின் உறுப்பை அறுத்தான் ஒருவன் எதிர்நிற்குமிடத்தே வெகுளி பிறக்கும். இயந்திரத்தின்மேல் வெகுள்வார் யார்? பகைவன் இல்லாத உறுப்பறை அசைவாய் முடிகின்றது; அசைவு அழுகையின் பாற்பட்டது. ஆலைநகரத்து இளைஞரின் இசையில் பிறர் கேட்ட சினம் உண்மையில் முன்னிலை இல்லாத துயரமே என்பது என் கருத்து.

சுரநிலையும் இதற்குச் சான்று தரும். 1970இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் குழுவின் பெயரையே கொண்ட பாடல் மூன்று சுரத்தாலாய தொடரை மெல்ல மெல்ல மீட்டிச் செல்கின்றது: ஆதார சட்சம், மேற்சட்சம், இரண்டற்கும் நட்டநடுவே நிற்கும் பிரதிமத்திமம். இவ்விடைவெளியை ஐரோப்பியர் பேயின் சுரம் எனப் பெயரிட்டு அஞ்சினர். நமக்கோ அச்சுரம் மங்கலமான கல்யாணியிலும் உண்டு, அவலத்துக்கே உரியதெனப் பாடகர் போற்றும் சுபபந்துவராளியிலும் உண்டு. எனவே, துயரம் சுரத்தின் பிறவிக்குணம் அன்று. காலப்பிரமாணத்தின் தளர்ச்சியும், விட்டகலாது திரும்பத் திரும்ப வருதலும், சுருதியின் தாழ்வும் கூடியே அதனை ஆக்குகின்றன. இவ்விசையில் பெரிதும் ஆளப்படும் பிரிஜியன் என்னும் சுரவரிசை நம் தோடியே. தோடியைப் பழந்தமிழ் விளரிப்பாலை என இசையறிஞர் பலர் கொள்வர். விளரியோ நெய்தலின் இரங்கலுக்கு உரியது. இவ்வொப்புமைகொண்டு தொடர்புவரலாறு கட்டுதல் தகாது. சட்சத்தை ஒட்டித் தாழ்ந்து நிற்கும் ரிடபம் இருவேறு மக்கட்கு ஒரே வகையாய்க் கேட்கின்றது என்ற அளவில் நிற்பதே முறை.

சொல்லை மட்டும் எடுத்து ஓசையை விட்டுத் தீர்ப்புக் கூறுதல் எத்துணைப் பிழைபடும் என்பதற்கு அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்று சான்று. பிளாக் சபாத் குழுவின் பாடகராயிருந்த ஓசி ஆஸ்பர்ன் பின்னர்த் தனியே பாடிய பாடல் ஒன்றின் தலைப்பில் தற்கொலை என்ற சொல்லும், தீர்வு எனவும் கரைசல் எனவும் இருபொருள்படும் சொல்லும் அமைந்திருந்தன. மதுவாகிய கரைசல் மெல்லக் கொல்லும் என்பதே கருத்து எனப் பாடினோர் கூறினர். ஓர் இளைஞர் 1984இல் உயிர்நீத்தபோது, தலைப்பைத் தீர்வு எனக் கொண்ட பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். கலிபோர்னியா மேல்முறையீட்டு மன்றம் 1988இல் அதனைத் தள்ளிற்று. சிலேடையறியாது உரைகண்டதன் விளைவு இது. ஆயினும் மகனை இழந்தாரின் வெதும்பலை நகையாடுதல் நம் நோக்கம் அன்று.

இப்பிழையை நாமும் செய்துள்ளோம். ஒப்பாரியை ஏட்டிலேற்றியோர் பணி பெரிது, நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் அதற்கு இடமளித்தது. ஆயின் அச்சில் நாம் பெறுவது சொல், பறை அச்சேறவில்லை. இழவு வீட்டிலோ இரண்டும் ஒருங்கே நிகழ்வன. உள்ளே மகளிர் தோளோடு தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுவர். வாயிலில் வைக்கோல் தீயில் காய்ச்சி முறுக்கேற்றிய பறை முழங்கும். உறவினர் கோடி கொண்டுவருங்கால் கொட்டு தெருமுனை சென்று எதிர்கொள்ள, அடி மாறும். அம்மாற்றம் கேட்டவுடன் உள்ளே தளர்ந்திருந்த அழுகை மீண்டும் எழும். சொல்லுக்கு முன்னரே ஓசை மெய்யைத் தாக்குகின்றது. ஆண்டு நரம்பைத் தளர்த்திச் சுருதியை இறக்கினர். ஈண்டுத் தோலைக் காய்ச்சிச் சுருதியை ஏற்றுகின்றனர். வழி மாறினும் துயரம் வல்லோசையையே நாடிற்று. நெய்தற்பறை ஓரில்லத்தும் மணமுழவு மற்றோரில்லத்தும் ஒலித்ததைக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார் (புறம் 194) இதனை நன்கறிந்தவர்.

இனி வேறுபாடு கூறுதும். ஒப்பாரிக்கு முன்னிலை உண்டு. இறந்தாரை முறைப்பெயர் சொல்லி விளித்தே ஒவ்வோர் அடியும் நடக்கும். ஹெவி மெட்டலில் இது அரிது. 'மெட்டாலிகா' குழுவினர் 1984இல் பாஸ்டன் நகரில் தம் இசைக்கருவிகளைத் திருட்டுக் கொடுத்தபின் ஆக்கிய துயரப்பாடல் எவரையும் விளிப்பதன்று. உடைமை இழவில் தொடங்கித் தன்னையே இழக்கும் அளவுக்குச் செல்கின்றது. விளிப்பார் இல்லாத இழவு தன்மேலேயே மடங்கும் போலும். மாறாக, லிவர்பூலின் 'அனாதமா' குழுவைச் சேர்ந்த உடன்பிறந்தார், 1998இல் மறைந்த தம் தாய்க்கு அடுத்த ஆண்டின் இசைத்தட்டைப் படைத்து, அதில் பிரிவுப்பாடல் ஒன்றை அவரை நோக்கியே பாடினர். அது கையறுநிலைக்கு மிக அணித்து. (சிங்கப்பூரில் 1992இல் தமிழர் தொடங்கிய 'ருத்ரா' குழு வேதாந்தப் பொருளையே பெரிதும் பாடுதலின் இவ்வாய்வுக்கு நேரே உதவாது.)

மற்றொன்று. தொல்காப்பியர் அழுகைக்கு முதற்களனாக நிறுத்தியது இழவன்று, இளிவு. சாவீட்டில் பறையறைவார் பிறர்தம் இழவை முழக்கினர். சாதி அவர்மேல் சுமத்திய இளிவு எவர் ஒப்பாரியிலும் இடம்பெறவில்லை. ஆதலின் அவருட் பலர் சாவுக்குக் கொட்டுதலையே துறந்தனர். அத்துறவு மரபின் அழிவு எனப் புலம்புவார் இளிவு என்னும் சொல்லை மறந்தவராவர். திண்டுக்கல்லில் 1990இல் தோன்றிய சக்தி கலைக்குழுவின் மகளிர் அப்பறையையே மேடையில் ஆடியறைகின்றனர். அங்கே கேட்போர் மெய்யில் தோன்றுவது அழுகையன்று, பெருமிதம். தோலும் குச்சியும் மாறவில்லை, களன் மாறிற்று.

ஓசி ஆஸ்பர்ன் 2025ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் மறைந்தார். அத்திங்கள் 30ஆம் நாள் அவர் உடல் பர்மிங்காம் தெருக்களின் வழியே கொண்டுசெல்லப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் இருமருங்கும் நின்றனர். உடன்சென்ற பித்தளைக் குழலிசைக் குழுவினர் பிளாக் சபாத் பாடல்களையே முழக்கிச் சென்றனர்.