ஊழ் யார் வாய்ச்சொல்? – இரட்டைக் காப்பியங்களில் அயலார் வாதமும் தனிமனிதப் பொறுப்பும்

முன்னுரை

முன்பின் அறியாதார் அரசியல் பற்றியும் தனிமனிதப் பொறுப்புப் பற்றியும் நேர்நின்று வாதிடுதல் முற்காலத்தில் சில களங்களிலேயே நிகழ்ந்தது. அரசவை, பட்டிமண்டபம், சமயக் கணக்கர் கூடும் இடம் என அவற்றை எண்ணிச் சொல்லிவிடலாம். இணையத்தின் வரவுக்குப் பின்னர் இத்தகைய வாதம் அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. எடுத்துக்கொண்ட பொருள் வறுமையோ தண்டனையோ ஆட்சியோ எதுவாயினும், அவ்வாதங்களில் ஒரு வினா திரும்பத் திரும்ப எழுகிறது. ஒருவன் உறும் துன்பத்திற்கு அவனே பொறுப்பா, அவனைச் சூழ்ந்த அரசும் காலமும் பொறுப்பா என்பதே அவ்வினா.

பழந்தமிழ் நூல்கள் இதனை ஊழ், வினை, முயற்சி என்னும் சொற்களால் ஆராய்ந்துள்ளன. திருக்குறள் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைப் பேசிவிட்டு, 62ஆம் அதிகாரத்தில் தளராது முயல்வார் ஊழையும் பின்னிடச் செய்வர் என்கிறது. இவ்விரண்டையும் முரண் எனக் கொள்வாரும், இடம் நோக்கிக் கூறியவை எனக் கொள்வாரும் உளர். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இச்சிக்கலைக் கொள்கையளவில் நிறுத்தாமல், ஒருவரையொருவர் அறியாத மாந்தர் எதிர்ப்படும் நிகழ்ச்சிகளில் வைத்துக் காட்டுகின்றன. அந்நிகழ்ச்சிகளில் ஊழ் என்னும் சொல்லை யார், யாரைப் பற்றி, எப்பொழுது சொல்கின்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊழ்க் காப்பியம் என்னும் கருத்து

சிலப்பதிகாரப் பதிகம் அந்நூல் உணர்த்தும் உண்மைகள் மூன்றனுள் ஊழ்வினையையும் ஒன்றாக வைக்கிறது. இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, சிலப்பதிகாரம் ஊழின் ஆற்றலைக் காட்ட எழுந்த காப்பியம் என்றும், அதன் மாந்தர் ஊழின் கையில் கருவிகளே என்றும் கூறுவது வழக்கமாயிற்று. கானல்வரியில் கோவலன் மாதவியைப் பிரியும் இடத்திலும், கொலைக்களக் காதையில் பாண்டியன் ஆணையிடும் இடத்திலும் வினை வந்து முதிர்ந்தமையே காரணமாகக் கூறப்படுவது இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

ஆயின் இவ்விரு இடங்களிலும் ஊழைக் காரணமாகக் கூறுவது காப்பியக் கூற்று. மாந்தர் கூற்று அன்று. மாந்தர் தம் செயலைப் பற்றித் தாமே பேசும் இடங்களில் நிலை வேறாகிறது. மாதவியின் ஓலையைப் புறஞ்சேரியில் பெறும் கோவலன், அவள்மேல் தீதில்லை என்றும் தீது தன்னுடையதே என்றும் உணர்ந்து தளர்ச்சி நீங்குகிறான். கொலைக்களக் காதையில் கண்ணகியிடம் பேசும்போது, நேர்ந்தது மாயமோ வல்வினையோ என ஒரு கணம் ஐயுறுகிறான். அந்த ஐயத்தை அவன் விடையாக்கிக்கொள்ளவில்லை. பயனிலாருடன் திரிந்தமை, பெற்றோர் ஏவலில் தவறியமை, மனைவிக்குச் சிறுமை செய்தமை எனத் தன் பிழைகளை ஒவ்வொன்றாகத் தன்மை வினைமுற்றால் எண்ணுகிறான். தன் வீழ்ச்சிக்கு ஊழைச் சான்றாக்கும் வாய்ப்பு இருந்தும் அவன் அதனைக் கைக்கொள்ளாமை கருதத்தக்கது.

வழக்குரை காதையில் பொறுப்பு

வழக்குரை காதையில் எதிர்நிற்பவர் இருவரும் ஒருவரையொருவர் முன்னர்க் கண்டிராதவர்கள். அரசன் யார் என வினவ, கண்ணகி தன் ஊரையும் கணவனையும் தன் பெயரையும் முறைப்படக் கூறுகிறாள். அக்கூற்றின் அமைப்பு நுட்பமானது. வாழ்தல் விரும்பி ஊழ் துரத்த மதுரைக்கு வந்ததாகக் கூறும் அவள், கோவலன் கொலையுண்டதை அரசன்மேல் வைத்துக் கூறுகிறாள். ஊர்விட்டு ஊர் வந்தமை ஊழின்பாற்பட்டது, கொன்றமை கொன்றவன்பாற்பட்டது. ஊழை மறுக்காமலேயே பொறுப்பை உரியவனிடம் சேர்க்கும் இப்பகுப்பு அவ்வழக்கின் அடித்தளம் எனலாம்.

அரசன் முதலில் கூறும் விடை அரசியல் நெறி சார்ந்தது. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்பதே அது. பொது நெறி என்ற அளவில் அக்கூற்றைக் கண்ணகி மறுக்கவில்லை. கோவலன் கள்வனா என்னும் மெய்ம்மையை மட்டுமே அவள் வழக்காடுகிறாள். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்பதில் வழக்கு முடிகிறது. நெறி பற்றிய முழக்கத்தைவிட்டு, ஆராயத்தக்க ஒரு சான்றுக்கு வாதத்தைக் கொண்டுவந்தமையே அவளது வெற்றிக்குக் காரணம்.

தோற்ற அரசனுக்கு ஒதுங்கும் வழிகள் பல இருந்தன. பொய் கூறிய பொற்கொல்லன் ஒருவன். வாளோச்சிய காவலன் ஒருவன். வினையும் ஒரு காரணம். பொற்கொல்லன் சொல்லை அரசன் குறிப்பிடுகிறான் எனினும், அச்சொல்லைக் கேட்ட தன்னையே கள்வன் என்கிறான். தன் குடியின் காவல் தன்னாலேயே பிழைத்தது என்று கூறி உயிர் துறக்கிறான். ஆணை பிறந்த இடத்தில் காப்பியக் கூற்று வினையைக் காரணமாக்கிற்று. ஆணையிட்டவனோ அதனைக் காரணமாக்கவில்லை. இச்செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன் காட்சிக் காதையில் கூறும் கருத்தும் இதனோடு ஒத்துச் செல்கிறது. வினை கோலை வளைத்தது என்றும், பாண்டியனின் உயிர் அதனை நிமிர்த்தியது என்றும் அவன் மதிப்பிடுகிறான். ஊழும் பொறுப்பும் ஒரே கூற்றில் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்பதை இங்குக் காணலாம்.

கோவலனின் முற்பிறப்புச் செய்தி வழக்குரை காதைக்குப் பின்னரே, கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வத்தால் கூறப்படுகிறது. பாண்டியன் தன் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பின்னரே அவ்விளக்கம் வருகிறது என்னும் வைப்புமுறை தற்செயலானது அன்று.

காஞ்சனனுக்கு உரைத்த அறம்

சிலப்பதிகாரத்தில் குறிப்பாக நிற்கும் இக்கருத்து மணிமேகலையில் வெளிப்படையாகிறது. காயசண்டிகை வடிவில் இருந்த மணிமேகலையைத் தன் மனைவி என்றே கருதிய விஞ்சையன் காஞ்சனன், அவளை நாடி வந்த உதயகுமரனை வாளால் எறிகிறான். அப்போது கந்திற்பாவை அவனிடம் கூறுவது காப்பியத்தின் வினைக்கொள்கையைத் தெளிவுறுத்துகிறது. உதயகுமரன் உயிரை உண்டது ஊழ்வினையே எனினும், அறியாது காஞ்சனன் செய்த கொடுஞ்செயல் அவனைவிட்டு அகலாது தொடரும் என்கிறது அப்பாவை.

ஒரே நிகழ்ச்சி பட்டவன் பக்கத்திலிருந்து நோக்க ஊழின் விளைவாகிறது. செய்தவன் பக்கத்திலிருந்து நோக்கப் புதிய வினையாகிறது. அவன் விதி முடிந்தது, நான் என் செய்வேன் என்று கூறும் வாய்ப்பு செய்தவனுக்கு அடைக்கப்படுகிறது. அறியாமையும் அவனுக்கு விலக்காகவில்லை. கருவில் தோன்றும்போதே பேறும் இழவும் அமைந்துவிடும் என்னும் ஆசீவகக் கொள்கையினின்று மணிமேகலையின் வினைக்கொள்கை வேறுபடும் இடம் இதுவே. ஆசீவகனின் உரையைச் சமயக் கணக்கர் தம் திறங்கேட்ட காதையில் மணிமேகலை கேட்டு, ஏற்காது கடந்து செல்கிறாள். ஏற்காமைக்குரிய காரணத்தைக் காப்பியம் ஏழு காதைகளுக்கு முன்னரே, 20ஆம் காதையில் நிகழ்ச்சியாக்கிக் காட்டிவிட்டது எனலாம்.

பசியும் முன்வினையும்

இவ்விளக்கத்தில் ஓர் இடர் உண்டு. பட்டவன் துன்பம் அவன் முன்வினையால் வந்தது என்றால், அவனுக்கு உதவுவது எதற்கு என்னும் வினா எழும். இன்றைய அரசியல் வாதங்களிலும் வறியவன் வறுமைக்கு அவனே பொறுப்பு என்னும் கூற்று இத்தகைய முடிவையே நோக்கிச் செல்கிறது.

மணிமேகலைக் காப்பியம் இதற்கு வாதத்தால் விடை கூறவில்லை. 27ஆம் காதையில் வஞ்சி நகரில் பல சமயத்தார் கொள்கைகளைக் கேட்ட மணிமேகலை, 28ஆம் காதையில் பசியால் வாடிய காஞ்சியை அடைந்து அமுதசுரபியால் உணவளிக்கிறாள். 29, 30ஆம் காதைகளில் அறவண அடிகளிடம் அளவையும் அறமும் கேட்கிறாள். வாதத்திற்கும் கோட்பாட்டிற்கும் நடுவே உணவு வைக்கப்பட்டுள்ளது. பசித்தவர் எவ்வினையால் பசித்தனர் என அங்கு யாரும் வினவப்படவில்லை. புகாரில் சிறையிலிருந்தோரின் பசியை முதலில் தீர்த்து, பின்னர் அச்சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு அவள் அரசனை வேண்டியதும் இங்கு நினைக்கத்தக்கது. சிறைப்பட்டோர் தத்தம் செயலுக்குப் பொறுப்பானவர்கள் என்று கொண்டாலும், அப்பொறுப்பு அவர்களுக்கு உணவை மறுக்கும் காரணமாகவில்லை. அரசு செய்யவேண்டியது எது என்னும் வினாவும், துன்புற்றவன் செய்தது எது என்னும் வினாவும் வேறுவேறு என்பது இதனால் பெறப்படும்.

பெயரும் வேற்றுருவும்

அயலாரோடு வாதிடுவோர் தம் பெயரை மறைத்தல் தகுமா என்பது இணைய வாதங்களை ஒட்டி இன்று எழுப்பப்படும் வினா. கண்ணகி பெயர் கூறி வழக்காடினாள். மணிமேகலையோ மாதவன் வடிவில் சென்று சமயவாதிகளை வினவினாள். இளம்பெண் என்று கருதி எவரும் தம் நூற்பொருளை உரையார் என்று மணிமேகலா தெய்வம் முன்னரே கூறியிருந்தது. தன்னைத் தன் உருவில் கேளாத அவையில் கேட்கப்பெறுவதற்கு வேற்றுரு துணையாயிற்று. ஆகவே மறைத்தல் ஒன்றையே கொண்டு அதனைக் குற்றம் என்றல் பொருந்தாது.

எனினும் காப்பியம் வேற்றுருவின் மற்றொரு பக்கத்தையும் காட்டுகிறது. உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் கொண்ட காயசண்டிகை வடிவே அவன் கொலைக்கு வழியமைத்தது. தற்காப்புக்காகக் கொண்ட உருவும் பிறர் வாழ்வில் விளைவை உண்டாக்குகிறது. நீலகேசியில் இந்நிலை மேலும் வளர்கிறது. அரசிளங்குமரி வடிவில் முனிச்சந்திரரை மயக்க வந்த பேய்மகள், உண்மை வெளிப்பட்டு அறம் கேட்டுத் திருந்திய பின்னரே வாதம் புரியப் புறப்படுகிறாள். ஆசீவகனாகிய பூரணன் முதலியோரை அவள் எதிர்கொள்வது மறைவுருவில் அன்று. கேட்பதற்கு வேற்றுரு உதவலாம். பிறரைக் குற்றஞ்சாட்டுவதற்கும் வெல்வதற்கும் தன்னுரு வேண்டும் என்னும் வேறுபாட்டை இந்நூல்களை ஒருங்கு நோக்குவார் உணரலாம்.

வென்றார் பொறுப்பு

தோற்றவன் பொறுப்பேற்றமையைப் போற்றும் ஆய்வாளர், வென்றவளின் பொறுப்பை அத்துணை ஆராய்வதில்லை. வழக்கில் வென்ற கண்ணகி அத்துடன் அமையவில்லை. வஞ்சினமாலையில் மதுரையை எரியூட்டுகிறாள். தன் கணவனுக்குத் தவறிழைத்த நகரைச் சினந்ததில் தனக்குக் குற்றமில்லை என்கிறாள். அறவோர், முதியோர், குழவியர் முதலானோரை விலக்கித் தீயோர்பக்கம் சேருமாறு தீக்கு ஆணையிடுகிறாள் என்பது உண்மையே. எனினும் அரசவையில் பரலைக் கொண்டு மெய் தெரிந்தவள், நகரத்தார் ஒவ்வொருவரின் குற்றத்தையும் அவ்வாறு தெரிந்தாள் எனல் இயலாது. ஆராயாது கொன்றான் என்று அரசன்மேல் சாட்டிய குற்றம் இங்கு அவள்மேலும் நிழலிடுகிறது. பிற்கால மரபு கண்ணகியைத் தெய்வமாக்கியமையால் இவ்வினா பெரும்பாலும் எழுப்பப்படவில்லை.

மணிமேகலையில் உதயகுமரன் இறந்தமை கேட்ட சோழன், மகனை ஒறுத்தல் தான் செய்யவேண்டிய செயல் என்றும், அதனைத் தானே செய்த விஞ்சையன் தகவிலன் என்றும் கூறுகிறான். தண்டத்திற்குரியவன் குற்றவாளியே எனினும் தண்டிப்பதற்குரியவர் யார் என்னும் வினாவை அவன் கைவிடவில்லை. சிலப்பதிகாரத்தின் மதுரை எரிக்கு மணிமேகலையிலுள்ள இப்பகுதி ஒரு மறுமொழி போல் அமைகிறது.

சிலப்பதிகாரமும் தன்னளவில் ஒரு தீர்வை நாடுகிறது. வாழ்த்துக் காதையில் தெய்வமாகத் தோன்றும் கண்ணகி, பாண்டியன் தீதிலன் என்றும் தான் அவன் மகள் என்றும் அறிவிக்கிறாள். முன்பின் அறியாதவனாய், பகைவனாய் எதிர்நின்றவன் தந்தையாகிறான். வழக்கின் தீர்ப்பு மாறவில்லை. தீர்ப்பை ஏற்றவன்மேல் பகை தொடரவேண்டியதில்லை என்பதே இங்கு உணர்த்தப்படுகிறது.

நிறைவுரை

இரட்டைக் காப்பியங்களில் ஊழ் மறுக்கப்படவில்லை. ஆயினும் தன் செயலுக்கு விலக்காக அதனைக் கூறுதல் கோவலனிடத்தும் பாண்டியனிடத்தும் இல்லை. காஞ்சனனுக்கு அது மறுக்கப்படுகிறது. பிறர் துன்பத்திற்கு அது விளக்கமாகும் இடங்களிலும், உதவியை மறுக்கும் காரணமாக மணிமேகலை அதனைக் கொள்ளவில்லை. இன்றைய அயலார் வாதங்களில் பெரும்பாலும் காணப்படுவது இதன் தலைகீழ் நிலையாகும். தன் தவறு சூழலால் நேர்ந்தது எனவும், பிறன் துன்பம் அவன் தவறால் நேர்ந்தது எனவும் வாதிடுவோர் ஒரே சொல்லை இரு அளவைகளால் அளக்கின்றனர். அவ்வளவைகளை இடம் மாற்றி வைத்தால் பாண்டியன் அவையில் நிகழ்ந்தது விளங்கும். சிலப்பதிகாரத்தை ஊழ்க் காப்பியம் என்று மட்டும் கற்பிக்கும் வகுப்பறைகள், அதில் ஊழைச் சொல்லாத வாய்களையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும்.